கொழுந்து வெளுத்தது

மூன்றாவது முறையும் உரத்தைக் கரைத்து விட்டாயிற்று. அப்படியும் செடிகள் வெளுத்துக்கொண்டேதான் போயின. யாம்னா தலையிலிருந்த ஓலைத் தொப்பியைக் கழற்றித் தரையில் ஓங்கி அடித்தாள்.

"இன்னும் என்னத்தடி கொட்டணும் உங்க வாயில? தின்னுட்டுத் தின்னுட்டு நோயாளி மாதிரி நிக்கிறீங்களே! ஊரே பாத்துச் சிரிக்குது!"

அறுநூற்று நாற்பது கஞ்சாச் செடிகளும் அந்த ஏச்சை வாங்கிக்கொண்டு நின்றன. முழங்கால் உயரம் வந்திருக்க வேண்டியவை. சாண் உயரம் தாண்டியதே பெரிய காரியம். பூக்கிற காலத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் கிடக்கிறது. இலை போட்டுத் தண்டு தடிக்க வேண்டிய நேரம் இதுதான். இப்போது படுத்த செடி பிறகு எழுந்து பூத்ததாக ரிஃப் மலையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. போதாக்குறைக்குக் கீழ்க்காற்று மூன்று நாளாக ஓயாமல் அடித்து, படிப்படியாக வெட்டின அந்தச் சரிவு முழுக்கப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துச் சரிவிலிருந்து பக்கத்துத் தோட்டக்காரி தமிமூந்த்தின் குரல் வந்தது. இந்த மலையில் யாரும் பேசுவதற்காக இறங்கி ஏறுவதில்லை. நின்ற இடத்திலிருந்தே கத்துவார்கள்.

"ஏ யாம்னா! யாரை ஏசற காலங்காத்தால?"

"என் தலையெழுத்த!"

"நல்லா ஏசு! எனக்கும் சேத்து ரெண்டு வார்த்தை போடு!"

வியாழக்கிழமை அதிகாரி வருகிறார். ஒவ்வொரு தோட்டமாக ஏறி, செடியை எண்ணி, குறித்துக்கொண்டு போவார். பாதிக்கு மேல் தேறாது என்று அவர் எழுதிவிட்டால் மொத்தத்தையும் பிடுங்கி அவர் கண்முன்னாலேயே கொளுத்த வேண்டும். அதோடு உரிமமும் போய்விடும். மருந்துக்காக வளர்க்கலாம் என்று சட்டம் வந்த பிறகு ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்திரண்டு பேருக்கு உரிமம் கிடைத்தது. அதில் பெண் பெயரில் இருந்தது ஒன்றே ஒன்று. அது யாம்னாவுடையது. அந்தக் காகிதத்துக்காக எட்டு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவள் அவள். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

கழுதையை ஓட்டிக்கொண்டு மேல்பாதையில் ஹம்மாதி வந்தார். கூட்டுறவின் தலைவர். வழியைக் குறுக்கிப் போக வேறு பாதை இருந்தும் வேண்டுமென்றே இந்தப் பக்கம் வருகிற மனிதர்.

"என்ன யாம்னா, எலுமிச்சை போட்டிருக்கியா இந்த வருஷம்? அங்கருந்து பாத்தா மஞ்ச மஞ்சேர்னு தெரியுதே!"

"மஞ்சள் உங்க கண்ணுல இருக்கு தலைவரே. சந்தைக்குப் போறப்ப வைத்தியர்கிட்ட காட்டுங்க."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. பொம்பளை பேர்ல எழுதாதீங்கடான்னு அன்னைக்கே தலை தலையா அடிச்சுக்கிட்டேன். எவன் கேட்டான்? என் மருமகன் பாவம், நல்லா வேலை தெரிஞ்ச பய, சும்மா உக்காந்திருக்கான்."

"உங்க மருமகன் உக்காந்திருக்கறதுக்கு நான் என்ன, நாற்காலியா எடுத்துப் போட்டேன்?"

ஹம்மாதி சிரிக்கவில்லை. கழுதையின் கயிற்றை இழுத்து நிறுத்தினார். வீட்டின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு அடித்து, வெயிலில் கண் கூசியது.

"வீடு பளபளன்னு இருக்கு. உன் புருஷன் வேலையா? சரி சரி, வீட்டு வேலை செய்யட்டும். ஆனா ஞாபகம் வச்சுக்கோ. அவன் பேர் பதிவேட்டுல இல்ல. பேர் இல்லாதவன் தோட்டத்துல ஒரு விரல் வச்சான்னா போதும், லைசென்ஸ் காலி. சட்டம் நான் போட்டதில்ல."

"தெரியும். போங்க."

தெரியாமல் என்ன? அதற்காகத்தான் அல்லாலை அவள் தோட்டத்துப் பக்கமே விடாமல் வைத்திருந்தாள். அவள் புருஷன் அல்லால் இதே செடியை வளர்த்தவன்தான். அப்போது அது குற்றம். பிடிவாரண்டு வந்த அன்று மேல்மலைக்கு ஏறியவன், பதினோரு வருஷம் கழித்து, பொதுமன்னிப்பு அறிவித்த பிறகு, போன மார்ச்சில்தான் இறங்கி வந்தான். போகும்போது இரண்டு வயதாக இருந்த மகள் தூரியா இப்போது கீழே நகரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவன் வந்து இரண்டு மாதமாகிறது. கூட்டுறவு ஆபீசுக்குப் போய் 'வேலைக்கு என் புருஷன்' என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். யாம்னா போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அவள் வாயில் அந்தப் பெயர் வந்தே வருஷக்கணக்காகியிருந்தது. அதுவும் போக, அவன் மேல் இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது அல்லால் அடுப்படியில் அவரைப்பருப்பைக் கடைந்துகொண்டிருந்தான். மேலே எண்ணெயும் சீரகமும் மிதக்கிற கெட்டிக் கஞ்சி. தொட்டுக்கொள்ள பார்லி ரொட்டி. மலையில் இருந்த காலத்தில் சமையல் படித்திருந்தான். ருசியாகவும் இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"என்ன சொன்னான் ஹம்மாதி?"

"என்ன சொல்லுவான்? மருமகனுக்குப் பந்தி விரிக்கறான் நம்ம தோட்டத்துல."

"செடி எப்படி இருக்கு?"

"எப்படி இருந்தா உனக்கு என்ன?"

அவன் ரொட்டியைப் பிட்டு எண்ணெயில் முக்கினான். விரல் நுனியெல்லாம் தோல் வெடித்து வெள்ளையாக இருந்தது. சும்மா இருக்க முடியாமல் சொன்னான்.

"நாம அந்தக் காலத்துல போட்ட நாட்டுச்செடி இப்படியா சீக்குல விழுந்துச்சு? வெதையத் தூவுவோம், ஆட்டெருவ எறிவோம், மழை பாத்துக்கும். இது என்னமோ கண்ணாடிப் பிள்ளை மாதிரி. பைப்பு, பொடி, மருந்து..."

"ஆமா, மழை பாத்துக்கும்! நீ போன பிறகு மழை வந்து எத்தனை தடவை என்னைப் பாத்துச்சுன்னு கேளேன்! அந்த நாட்டுச்செடியாலதானே நீ ஓடுன? பதினோரு வருஷம்யா! வாரத்துக்கு ஒரு தடவை போலீஸ் ஜீப்புல வந்து கதவைத் தட்டுவானுங்க. 'உன் புருஷன் எங்க?' 'தெரியாது.' 'எப்ப வந்தான்?' 'தெரியாது.' 'செத்துட்டானா?' 'தெரியாது.' தெரியாது தெரியாதுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு என் பேர்கூட மறந்துபோச்சு!"

அல்லால் தலையைக் குனிந்துகொண்டான். "நான் என்ன செய்யணும் சொல்லு. செய்யறேன். கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியல யாம்னா. சுவரடிச்சேன். கோழிக்கூட்டச் சரிபண்ணினேன். தொட்டியையும் பாத்துட்டேன். வேற என்ன..."

"ஒண்ணும் செய்யாத. தோட்டத்துப் பக்கம் மட்டும் வராத. அது போதும்."

அப்போது கீழ்ச்சாலையில் ஏதோ வண்டி சத்தம் கேட்டது. அல்லால் கையிலிருந்த ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றான். காய்கறி லாரி. அது திரும்பி மறைந்த பிறகுதான் வெளியே வந்தான். மன்னிப்புக் காகிதம் மடித்தபடி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. யாம்னா அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வரும், அழுதால் கோபம் போய்விடும் என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

சாப்பிட்ட கையோடு திரும்பவும் தோட்டத்துக்குப் போனாள். நகரத்திலிருந்து இன்ஜினியர் பெண் கிஸ்லான் போனில் சொன்னபடிதான் இத்தனை நாளும் செய்தாள். செடிக்கு வைத்தியம் சொல்வது கிஸ்லானின் வேலை. மருந்துக் கம்பெனிக்காரர்கள் வைத்த ஆள். நாற்பது ஊருக்கு அவள் ஒருத்தி. போட்டோ எடுத்து அனுப்பு என்பாள், அனுப்பினால் அரைமணியில் பதில் வரும். 'மஞ்சளா இருக்கு சின்னம்மா, தழைச்சத்துப் பத்தல. உரம் கொடுங்க.' கொடுத்தாள். 'இன்னும் கொஞ்சம் கொடுங்க.' கொடுத்தாள். இப்போது வெளுத்ததோடு நிற்காமல் இலை நுனி வேறு தீய்ந்து சுருளத் தொடங்கியிருந்தது.

யாம்னா மண்ணில் குப்புறப் படுத்தாள். நின்றுகொண்டு பார்த்தால் மேலே இருக்கிற மஞ்சள்தான் கண்ணை அடிக்கிறது. படுத்துப் பார்த்தால் செடியின் அடி தெரியும். ஒரு செடி பார்த்தாள். நகர்ந்து அடுத்ததைப் பார்த்தாள். வரிசை முழுக்க ஊர்ந்தே போனாள்.

அடி இலை நல்ல கரும்பச்சை. ஒரு பழுப்பு இல்லை. நடு இலையும் பரவாயில்லை. கொழுந்துதான் வெளுத்திருந்தது. அதுவும் முழுசாக இல்லை. நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்று, இடையில் இருக்கிற சதையெல்லாம் வெளிறிக் கிடந்தது.

எழுந்து உட்கார்ந்தாள். அல்லால் போன இரண்டாம் குளிர்காலம் அவளுக்கு ஞாபகம் வந்தது. பனி விழுந்து பாதை அடைத்து, வீட்டில் பார்லி மாவு ஒரு சட்டிதான் மிச்சம். அதைக் கிண்டிக் கிண்டித் தூரியாவுக்கு ஊட்டினாள். வசந்தம் வந்தபோது பிள்ளையின் கன்னம் அப்படியே இருந்தது. யாம்னாவுக்குத்தான் பல் ஆடியது, முடி கொட்டியது. பசி என்றால் அப்படித்தான் நடக்கும். மூத்ததுதான் முதலில் காயும். செடியும் பசித்தால் கிழட்டு இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும், அடி இலை பழுக்கும். இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறதே!

போனை எடுத்தாள்.

"இன்ஜினியரம்மா, இது பசி இல்ல."

"சின்னம்மா, நான் மீட்டிங்குல இருக்கேன், அப்புறமா..."

"அப்புறமா வந்து சாம்பலை அள்ளுவியா? வியாழக்கிழமை ஆள் வர்றான்! கேளு. அடி இலை பச்சையா இருக்கு. கொழுந்துதான் வெளுத்திருக்கு. பசிச்ச வீட்டுல பிள்ளைக்குக் கொடுக்காம தாய் தின்னுட்டு உக்காந்திருப்பாளா? நீ சொன்னேன்னு மூணு தடவை கொட்டினேன். வயிறு முட்டத் தின்னவளுக்கு மேல மேல சோறு போட்டா என்ன ஆவா? வாந்திதான் எடுப்பா. இலை நுனி கருகிக்கிட்டு நிக்குது!"

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு கிஸ்லான் வேறு குரலில் கேட்டாள்.

"கொழுந்துல நரம்பு பச்சையா இருக்கா?"

"கோடு போட்ட மாதிரி இருக்கு."

"எல்லாச் செடியும் அப்படியா? ஒண்ணுகூட விடாம பாத்தீங்களா?"

யாம்னா நிமிர்ந்து தோட்டத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. இத்தனை நாள் எங்கே போயிருந்தன இந்தக் கண்கள்! வடக்கு மூலையில் பாறைக்குப் பின்னால் இருபத்து மூன்று செடி. பைப்பு அங்கே எட்டவில்லை என்று ஊற்றிலிருந்து தகரத்தில் தூக்கிவந்து ஊற்றுவாள். அவை முழங்கால் உயரம் நின்றன. கொழுந்து எண்ணெய் தடவினாற்போல் மின்னியது.

"இருபத்து மூணு நல்லா இருக்கு. அதுக்கும் இதே வெதைதான், இதே உரந்தான். தண்ணிதான் வேற."

"தொட்டித் தண்ணி இல்லையா அதுக்கு?"

"ஊத்துத் தண்ணி."

"சின்னம்மா," என்றாள் கிஸ்லான், "இனிமே ஒரு சொட்டு உரம் விடாதீங்க. தொட்டி வாயையும் அடைச்சுடுங்க. நாளைக்குக் காலைல நான் வர்றேன்."

"இதை மூணு வாரம் முன்னாடியே வந்து பாத்திருந்தா என்ன?"

போனில் கிஸ்லான் யாரிடமோ ஜீப்புக்குச் சொல்வது கேட்டது.

புதன்கிழமை காலை ஜீப் வந்தது. பின் சீட்டிலிருந்து ஹம்மாதி முதலில் இறங்கினார். கூப்பிடாத விருந்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பது அவர் வழக்கம். ஜீப் சத்தம் கேட்டதுமே அல்லால் உள்ளே மறைந்துவிட்டான். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது.

கிஸ்லானுக்கு இருபத்தாறு வயது இருக்கும். நகரத்துச் செருப்போடு புழுதியில் மண்டியிட்டாள். கொழுந்தைத் திருப்பிப் பார்த்தாள், அடி இலையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு யாம்னாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"நீங்க சொன்னதுதான் சரி. போட்டோவுல மஞ்சள்னு மட்டுந்தான் தெரிஞ்சுது. மேல் இலையா கீழ் இலையான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்பு."

ஏச நாலு வார்த்தை தயாராக வைத்திருந்த யாம்னாவுக்கு அவற்றை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "சரி சரி, எழுந்திரு, முட்டி அழுக்காகுது," என்றாள்.

சொட்டுப் பைப்பின் துளைகளில் வெள்ளையாக ஏதோ படிந்து இறுகியிருந்தது. பல இடத்தில் துளையே அடைபட்டிருந்தது. கிஸ்லான் ஒரு சின்ன டப்பாவிலிருந்து, தண்ணீரின் காரத்தை நிறத்தில் காட்டுகிற காகிதத் துண்டுகளை எடுத்தாள். ஊற்றுத் தண்ணீரில் ஒன்றை நனைத்தாள், இளம்பச்சையாக நின்றது. தொட்டித் தண்ணீரில் இன்னொன்றை நனைத்தாள். அது நீலமாகி, கண்முன்னாலேயே கருநீலமானது.

"மண்ணுல இரும்புச் சத்து இருக்கு சின்னம்மா. இந்தத் தண்ணி விட விட அது பூட்டுப் போட்ட மாதிரி ஆயிடுது. வேர் இழுத்தாலும் வராது. பழைய இலை தழைச்சத்தைக் கொழுந்துக்குத் தரும், இரும்பைத் தராது. அதான் கொழுந்து வெளுக்குது. நாம மேல மேல வேற எதையோ கொட்டிக்கிட்டு இருந்திருக்கோம். போன வருஷம் இந்தத் தொட்டியை நானே பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ இதுல என்னமோ போட்டிருக்காங்க."

யாம்னா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். அடியில் வெள்ளையாக, மாவுக் கூழ் போலப் படிந்திருந்தது. கையை விட்டு அள்ளினாள். விரலால் தேய்த்தாள். நாக்கு நுனியில் வைத்துத் துப்பினாள்.

சுண்ணாம்பு.

தலை நிமிர்ந்தபோது எதிரே அவள் வீட்டுச் சுவர் வெயிலில் வெள்ளை வெளேரென்று நின்றது.

இந்த மலையில் எந்த வீட்டிலும் அதுதானே வழக்கம். வசந்தத்தில் பெருநாளுக்குச் சுவரடிப்பார்கள். மிஞ்சின சுண்ணாம்புக் கட்டியைக் குடிதண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். புழு சாகும், பாசி அடங்கும், தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும். வீட்டு ஆண்பிள்ளையின் வேலை அது. அல்லால் மலைக்கு ஏறியபோது இது குடிக்கிற தொட்டி. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்குக் குழாய் வந்ததும் யாம்னா இதைத் தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டாள். இதை யார் அவனுக்குச் சொன்னார்கள்? அவன் விட்டுப் போன இடத்திலிருந்து வீட்டைத் தொடர்ந்திருக்கிறான். 'தொட்டியையும் பாத்துட்டேன்' என்று நேற்றுகூடச் சொன்னான். வெடித்த விரலோடு எதிரே உட்கார்ந்து சொன்னான். அவள் காதில் வாங்கவில்லை.

கோபம் உள்ளங்காலில் தொடங்கி உச்சிக்கு ஏறியது. அவன் மேல், தன் மேல், அவனைப் பதினோரு வருஷம் மலையில் வைத்தவர்கள் மேல், வீட்டுத் தொட்டி எதற்கென்றுகூடப் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளாமல் இரண்டு மாதம் ஓட்டிய அந்தக் கேவலத்தின் மேல்.

ஹம்மாதிக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் முகம் மலர்ந்துபோயிற்று.

"சுண்ணாம்பா? அடேங்கப்பா! யாரு போட்டது? இன்ஜினியரம்மா, இதை அப்படியே எழுதிக்கோங்க. பேர் பதியாத ஆள் தண்ணியில கை வச்சிருக்கான். இதுக்கு மேல நாளைக்கு அந்த அதிகாரி ஏறி வரணுமா? கால்தான் வலிக்கும் அவருக்கு."

கிஸ்லான் நோட்டை விரித்தாள். தயங்கினாள்.

"சின்னம்மா, அறிக்கையில காரணம் எழுதணும். யாரு போட்டான்னு..." குரலைத் தாழ்த்தினாள். "தெரியலைன்னாலும் பரவாயில்ல. தெரியாத ஆள்னு எழுதிக்கலாம். வெளியாள் வேலைன்னு போயிடும். லைசென்சுக்கு ஒண்ணும் வராது."

ஹம்மாதி சிரித்தார். "அதென்ன புதுசா சொல்லிக் கொடுக்கறீங்க? இந்த வீட்டுல எப்பவும் அதே பதில்தான். ஜீப் வந்தா போதும், 'தெரியாது'. ஊருக்கே தெரியும். சொல்லு யாம்னா, யாரு போட்டது? சொல்லேன், கேப்போம். 'தெரியாது'தானே?"

அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. பதினோரு வருஷம் பழகின வார்த்தை. அவள் வாயைத் திறக்கவே வேண்டாம், தானாக வெளியே நடந்துவிடும். சொன்னால் தோட்டம் பிழைக்கும். உரிமம் பிழைக்கும். கதவுக்குப் பின்னால் ஒரு ஆள் இன்னொரு பதினோரு வருஷம் நின்றுகொண்டிருப்பான்.

"தெரியும்," என்றாள் யாம்னா.

ஹம்மாதியின் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். இடுப்பில் கையை ஊன்றி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிடுகிற குரலில், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்:

"அல்லால்! ஏ அல்லால்! வெளிய வா!"

சரிவில் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கின. எதிர்மலையில் முட்டி அந்தப் பெயர் திரும்பி வந்தது. அதைப் பதினோரு வருஷமாக அந்த மலையில் யாரும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை.

கதவு அசையவில்லை.

"வாய்யா வெளிய! யாரும் உன்னைக் கொண்டுபோக வரல! என் தொட்டியில சுண்ணாம்பப் போட்டுட்டு உள்ள போயி ஒளிஞ்சா விட்டுடுவேனா? வந்து இவங்க மூஞ்சிக்கு நேரா நில்லு!"

கதவு திறந்தது. அல்லால் வந்தான். ஜீப்பைப் பார்த்து ஒரு கணம் கால் தடுமாறியது. ஆனாலும் நிற்காமல் நடந்துவந்து தொட்டிக்கருகே நின்றான். உள்ளே கிடந்த வெள்ளையைப் பார்த்தான்; தோட்டத்து மஞ்சளைப் பார்த்தான். கேட்டதெல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் வெளிறியிருந்தது.

"மூணு கூடை போட்டேன்," என்றான் கிஸ்லானிடம். "பாசி பிடிச்சிருந்துச்சு. மேல்மலைல கெட்ட தண்ணி குடிச்சு எங்கூட இருந்தவன் ஒருத்தன் செத்துப்போனான். பிள்ளை லீவுக்கு வர்றா. நல்ல தண்ணி குடிக்கட்டுமேன்னு... குடிக்கற தொட்டின்னுதான் நெனச்சேன்."

"கேக்க மாட்டியா?" என்று யாம்னா பாய்ந்தாள். "வாயில என்ன, அதையும் சுண்ணாம்ப வச்சு அடைச்சியா? ஒரு வார்த்தை, 'யாம்னா, இந்தத் தொட்டி எதுக்கு'ன்னு ஒரு வார்த்தை!"

"நீ பேச விட்டாத்தானே!"

முதல் தடவையாக அவனும் கத்தினான். "தோட்டத்துப் பக்கம் வராத, வராத, வராத! வீட்டுக்கு வந்தேனா, இன்னொரு மலைக்கு வந்தேனா?"

இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். கிஸ்லான் தரையைப் பார்த்தாள். ஹம்மாதி தொண்டையைச் செருமினார்.

"கேட்டீங்கல்ல? ஒத்துக்கிட்டான். எழுதுங்க. பேர் பதியாத ஆள்."

"எழுது," என்றாள் யாம்னா கிஸ்லானிடம். "எழுதத்தான் கூப்பிட்டேன். என் தொட்டியில சுண்ணாம்பு போட்டது என் புருஷன் அல்லால். மன்னிப்புக் காகிதம் அவர் பையில இருக்கு, நம்பரைப் பாத்து எழுதிக்கோ. அதுக்குக் கீழயே இன்னொண்ணும் எழுது. இன்னையிலருந்து இந்தத் தோட்டத்துல வேலைக்கு ஆள் அல்லால். அதை எழுத வேண்டியது நான். ரெண்டு மாசமா எழுதல. அந்தத் தப்பு என்னோடது, அதையும் எழுது. இதுக்காக லைசென்ஸ் போகும்னா போகட்டும். இன்னொரு தடவை 'தெரியாது'ன்னு சொல்லி எதையும் காப்பாத்திக்க மாட்டேன். எனக்குத் தெம்பு இல்ல."

"அப்படியெல்லாம் நேத்து நடந்ததுக்கு இன்னைக்குப் பேர் சேக்க முடியாது," என்றார் ஹம்மாதி.

"சேக்கலாம்," என்றாள் கிஸ்லான். அவள் காதோரம் சிவந்திருந்தது. "தலைவரே, நான் பாத்ததை எழுதறேன். காரணம் தெரிஞ்சுது. போட்டவர் யாருன்னு உரிமக்காரரே சொன்னார். சரிபண்ணக்கூடிய குறை. தொட்டியைக் காலி பண்ணி ஊத்துத் தண்ணி விட்டா புதுக் கொழுந்து பச்சையா வரும், வெளுத்தது அப்படியேதான் இருக்கும். பதினஞ்சு நாள் கழிச்சு எண்ணணும்னு எழுதறேன். என்னோட தப்பான யோசனையால மூணு தடவை உரம் போனதையும் எழுதறேன். அதிகாரி ஒத்துக்குவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது சின்னம்மா. பொய் சொல்ல மாட்டேன்."

"அது போதும்."

ஹம்மாதி கழுதை இல்லாமல் வந்ததற்காக அன்றைக்கு வருத்தப்பட்டிருப்பார். ஜீப் கிளம்புகிற வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அத்திமரத்தடியில் நிற்க வேண்டியதாயிற்று.

அவர்கள் போன பிறகு யாம்னா தகர வாளி ஒன்றை எடுத்து அல்லாலின் காலடியில் எறிந்தாள். மற்றதைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"முழுத் தொட்டி. ஒரு சொட்டு மிச்சம் இருக்கக் கூடாது. அதுக்கப்புறம் அடியைச் சுரண்டணும். அதுக்கப்புறம் பைப்பு ஒவ்வொரு ஓட்டையையும் முள்ளால குத்தணும். அதுக்கப்புறம் அறுநூத்துப் பதினேழு செடிக்கு ஊத்துலருந்து தூக்கணும். மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத."

"நெனைக்கல," என்று அல்லால் தொட்டிக்குள் இறங்கினான்.

முதல் வாளியை அவன் மொண்டு நீட்ட, அவள் வாங்கிப் பாறைப் பக்கம் வீசினாள். இரண்டாவதை நீட்டும்போது எதிர்ச்சரிவிலிருந்து தமிமூந்த்தின் குரல் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவள் அவ்வளவு நேரமும் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏ யாம்னா! என்னடி சத்தம்? யாரைக் கூப்பிட்ட நீ?"

யாம்னா வாளியைக் கீழே வைத்தாள். முகத்தில் தெறித்திருந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கையால் துடைத்தாள். கண் எரிந்து நீர் வழிந்தது.

"என் புருஷனை!" என்று கத்தினாள். "இங்கதான் இருக்காரு! வீட்டைக் கெடுத்துட்டு இங்கதான் நிக்கிறாரு!"